தும்மியவர்கள் ஆடிய ஆட்டம்

கல்லூரியில் என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி போன வாரம் போன் செய்தார். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். ஆனால் வெளியூர்க்காரர், கம்பம் பள்ளத்தாக்கின் கார்த்திகையும் மார்கழியும் அவருக்குப் புதிது. கால்பந்து அணியில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு வெறுங்காலோடு மைதானத்தில் வந்து நிற்கிறார்களாம். பந்தைக் கொடுப்பதா, கும்பிடு போடுவதா என்று தெரியவில்லையாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்லூரியை விட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் நம்மிடம் ஒருவர் யோசனை கேட்கிறாரே என்று உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதியே தருகிறேன் என்றேன். மாலையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பன்றிக்காய்ச்சல் வந்த வருடத்தை எழுதாமல் முடியாது. அதனால் இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

நான் உடற்கல்வி படித்த கதையெல்லாம் யாருக்கும் வேண்டியதில்லை. காலையில் ஓடினோம், சாயங்காலம் ஓடினோம், நடுவில் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தோம். அப்புறம் பள்ளிக்கூடங்களில் விசில் ஊதினேன். தொண்ணூற்றாறில் இந்தக் கல்லூரிக்கு உடற்கல்வி இயக்குநராக வந்தேன். பிள்ளைகள் வாயில் அது 'பி.டி. சார்' ஆகிவிடும். முதல் நாள் மைதானத்தைப் பார்க்கப் போனால் கோல் கம்பத்தில் ஒரு பசுமாடு கட்டியிருந்தது. மாட்டுக்காரரிடம் சத்தம் போட்டேன். அவர் அசைந்து கொடுக்கவே இல்லை. "பந்து என்ன, புல்லா திங்கப்போகுது? மாடு திங்கட்டும் சார்," என்றார். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. கடைசியில் அவருடைய மகனே எங்கள் கல்லூரியில் சேர்ந்து வலது பக்கம் ஆட வந்த பிறகுதான் மாடு வேறு இடத்துக்குப் போனது.

எனக்குக் கறாரானவன் என்று பேர். அது பொய்யில்லை. ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பார்ப்பேன். முதலில் கை நகம். நீண்டிருந்தால் அங்கேயே வெட்ட வேண்டும், நகவெட்டி என் சட்டைப் பையில் இருக்கும். பிறகு மோதிரம், காப்பு, கழுத்துக் கயிறு. பிறகு காலைத் தூக்கச் சொல்லி ஷூவின் அடிப்பக்கம். குமிழ் தேய்ந்து உள்ளிருக்கும் ஆணி தலைகாட்டினால் ஆடவிட மாட்டேன், எதிராளியின் கெண்டைக்காலைக் கிழித்துவிடும். கடைசியாகக் கண்ணைப் பார்ப்பேன். தூங்காதவன், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன், எல்லாம் அங்கே தெரியும். 'பி.டி. சார் பொண்ணு பாக்குற மாதிரியில்ல பாக்குறாக' என்று பின்னால் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். என் காலத்தில் எங்கள் மைதானத்தில் எவனுக்கும் நகம் கிழித்துக் கண் போகவில்லை.

நான் வேலை பார்த்த காலத்து முதல்வர்களில் கடைசியாக இருந்தவர் ஒரு அம்மா. தாவரவியல் பேராசிரியை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்பார். முடிந்ததும் ஒரே ஒரு வார்த்தைதான் வரும். "பெறகு?" நாம் எந்த இடத்தில் யோசிப்பதை நிறுத்தினோமோ, சரியாக அந்த இடத்தில் அது வந்து நிற்கும். பதில் சொன்னால் இன்னொரு 'பெறகு?'. சிலர் இரண்டாவதிலேயே 'நாளைக்கு வர்றேம்மா' என்று எழுந்துவிடுவார்கள். முடியாது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, நாமே சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்புறம், அந்த அறைக்குள் போவதற்கு முன்பே வராந்தாவில் நின்று எனக்கு நானே 'பெறகு?' கேட்டுக்கொள்ளப் பழகினேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பன்றிக்காய்ச்சல் வந்தது. உலகம் முழுக்கப் பரவுகிறது என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பள்ளத்தாக்கில் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியாது, பயம் மட்டும் எல்லாருக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் ஒருவர் இருமினால் பக்கத்து சீட்டு காலியாகிவிடும். கைக்குட்டையை முக்கோணமாக மடித்து மூக்கில் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனார்கள், பந்தியில் உட்கார்ந்ததும் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டார்கள். கூட்டம் சேர வேண்டாம் என்று, மழைக்கு முன்பே நடந்து முடிய வேண்டிய கல்லூரி அணிகளின் கால்பந்துப் போட்டியைப் பல்கலைக்கழகம் தள்ளிவைத்தது. தள்ளித் தள்ளிக் கடைசியில் மார்கழியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நடத்த வேண்டியது எங்கள் மைதானத்தில். தேதி குறித்த புண்ணியவான் எந்த ஊர்க்காரரோ தெரியாது. சபரிமலைக்குப் போகிற பாதையில் இருக்கும் ஊர்களில் மார்கழியில் இளவட்டங்கள் காலில் செருப்பே இருக்காது என்று அவருக்கு யார் சொல்வது?

எங்கள் அணியிலும் பாதிப் பேர் சாமிகள். மாலை போட்டவன் விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்க வேண்டும், சாயங்காலமும் அப்படியே. செருப்பு கூடாது, பொய் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. எதிரே யார் வந்தாலும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். கார்த்திகை பிறக்கும்வரை 'ஏலே குருட்டுப்பயலே, இங்கன போடுறா' என்று கத்திக்கொண்டிருந்தவன், 'சாமி, இங்கன போடுங்க சாமி' என்று கெஞ்சினான். பந்து தப்பினால் பல்லைக் கடித்துக்கொண்டு 'சாமி சரணம்' என்பார்கள். அதற்குள் எத்தனை வசவு அடங்கியிருந்தது என்று எனக்குத் தெரியாதா என்ன?

ஷூ விஷயத்துக்கு உத்தமபாளையத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த குருசாமியைப் போய்ப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு மாலை போட்டுவிட்டவர் அவர்தான். ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். தோல் இல்லாத ஷூவாக இருக்க வேண்டும், ஆட்ட நேரத்துக்கு மட்டும் போட வேண்டும், கோட்டைத் தாண்டியதும் கழற்றிவிட வேண்டும் என்று உத்தரவு கொடுத்தார். அடுத்தது மாலை. கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. கழுத்தை விட்டு மாலை இறங்கக் கூடாது என்பது விரதத்தின் விதி. மணிகளை மெல்லிய காயத்துணியில் சுற்றி, நெஞ்சோடு ஒட்டி பிளாஸ்திரி போட்டு, மேலே இறுக்கமான பனியன் மாட்டிவிட்டேன். நடுவர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றார். தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். இனிமேல் வருவது நீங்கள் கேட்காதது.

எங்கள் கோல்கீப்பர் செல்லப்பாண்டி. அனுமந்தன்பட்டிக்காரன், மூன்றாம் ஆண்டு வரலாறு. அவன் அப்பா திராட்சைத் தோட்டம் குத்தகைக்குப் பார்த்தார். திராட்சைக் கொடி தலைக்கு மேல் பந்தலில் படர்ந்திருக்கும். கிளையைக் கழித்துக் கவாத்து வெட்டுவதும் குலையை விலக்குவதும் கையை மேலே தூக்கியபடியே செய்கிற வேலை. சின்ன வயதிலிருந்து அந்த வேலை செய்தவனுக்குக் கை வலி என்றால் என்னவென்றே தெரியாது. உயரமாக வரும் பந்தை அவன் எட்டிப் பிடிப்பதில்லை, பறிப்பான். பேச்சு குறைவு. திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான், அதனாலேயே நான் இன்னும் கொஞ்சம் திட்டுவேன்.

அவனுக்கு என்னைப் போல உடற்கல்வி படிக்க வேண்டும் என்று ஆசை. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் படிப்புக்கு வழி உண்டு, இல்லாவிட்டால் அவன் மார்க்குக்கு இல்லை. மூன்றாம் ஆண்டு என்பதால் இதுவே கடைசி வாய்ப்பு. அவன் அப்பா ஒருநாள் மைதானத்துக்கே வந்து என்னிடம் பேசினார். கோபக்காரர் இல்லை, ஓய்ந்துபோன மனிதர். "இந்த வருசம் வரைக்கும் பாப்பேன் சார். கெடைக்கலேன்னா பந்தை வச்சுட்டுப் பந்தலுக்கு வந்துரணும். என்னால ஒத்தையா முடியல," என்றார். அதில் நான் என்ன குறை சொல்ல முடியும்? பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் இறுதி ஆட்டத்தைப் பார்க்க மட்டும்தான் வருவார்கள். இறுதி ஆட்டத்துக்குப் போவது, அங்கே செல்லப்பாண்டி கோலில் நிற்பது, இந்த இரண்டும்தான் அந்த வருடம் எனக்குக் கனவிலும் வந்தன.

போட்டியை நடத்த அனுமதி கேட்டு முதல்வர் அம்மாவைப் பார்க்கப் போனேன். திறந்த வெளி, நல்ல காற்று, அவரவருக்குத் தனி ஜெர்சி என்று சொன்னேன். பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்காதே என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அண்ணாந்து ஊற்றித்தான் குடிப்பார்கள் என்றும் சொன்னேன். "பெறகு?" என்றார். காய்ச்சல் உள்ளவனை உள்ளே விட மாட்டோம் என்றேன். "பெறகு?" காய்ச்சலுக்கு முன்னால் சளி வந்துவிடுமே என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. தும்மினாலும், மூக்கு ஒழுகினாலும், இருமினாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "யாரா இருந்தாலுமா சார்?" என்று கேட்டார். யாராக இருந்தாலும் என்றேன், வீராப்பாக. மற்றக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

மார்கழிப் பனியில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறவன் தும்மாமல் என்ன செய்வான்? இதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. எல்லாரும் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள், பலர் வருடா வருடம் மலைக்குப் போய் வருகிறவர்கள். முதல் நாள் காலையில் வாசலில் தும்மல் கச்சேரி நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸ் தெர்மாமீட்டரை உதறி உதறி வாயில் வைத்தார், காய்ச்சல் ஒருவனுக்கும் இல்லை. ஆனாலும் விதி போட்டாயிற்று. தும்மிய சாமிகளை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினேன். அந்த விதி தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அது என்ன நோய், எப்படிப் பரவும், யாரைக் கொல்லும் என்று எங்களுக்கு அன்றைக்குத் தெளிவாகத் தெரியாது. தெரியாத நேரத்தில் இறுக்கமாகத்தான் பிடிக்க வேண்டும்.

அரையிறுதியில் எங்களுக்கு எதிரே போடிப் பக்கத்துக் கல்லூரி. அவர்களுடைய ஃபார்வர்டு ஈஸ்வரன், தேவாரத்துப் பிள்ளை. ஒல்லியான உடம்பு, ஆனால் இரண்டு காலாலும் ஒரே வேகத்தில் அடிப்பான். அவனை எப்படி மறிப்பது என்று நாங்கள் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அன்று காலை கறுப்பு வேட்டியும் தாடியுமாக வாசலுக்கு வந்தவன் என் கண் முன்னாலேயே தும்மினான். ஒரே ஒரு தும்மல்தான். நர்ஸ் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்றார். நான் கையை நீட்டி வெளியே காட்டினேன்.

அவர்களுடைய உடற்கல்வி இயக்குநர் என்னைப் பிடித்துக்கொண்டார். உங்கள் கோலுக்குப் பயந்துகொண்டு எங்கள் பையனை நிறுத்துகிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் கத்தினார். எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, நானும் கத்தினேன். ஈஸ்வரன்தான் நடுவில் வந்து நின்றான். "விடுங்க சாமி. விதின்னா விதிதானே சாமி," என்று தன் ஆசிரியரிடம் சொன்னான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். அவன் இருந்திருந்தால் ஜெயித்திருக்க மாட்டோம்.

மறுநாள் இறுதி ஆட்டம். மேற்கு மலையிலிருந்து பனி இறங்கி, ஒரு கோலிலிருந்து பார்த்தால் மறு கோல் தெரியவில்லை. சுண்ணாம்புக் கோடு ஈரத்தில் கரைந்துபோய் இரண்டாவது தடவை போட வேண்டியிருந்தது. தேர்வாளர்கள் இரண்டு பேர் மதுரையிலிருந்து வந்து, முதல்வர் அம்மாவோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பந்தும் வலையும் வைக்கிற அறையில் எங்கள் பிள்ளைகளுக்கு மாலையைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தேன். செல்லப்பாண்டி முறை வந்தது. பனியனைத் தூக்கியவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தும்மினான்.

அணித்தலைவன் என் முகத்தையே பார்த்தான். "தூசி சார். வலையில இருந்து வந்த தூசி," என்றான். அவன் மாலை போடாதவன். ஆமாம் சார், தூசிதான் சார் என்று நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. உண்மையிலேயே அந்த அறையில் தூசிக்குப் பஞ்சமில்லை. நர்ஸ் இன்னும் வாசலுக்கே வரவில்லை. கதவு சாத்தியிருந்தது. தூசியாகத்தான் இருக்க வேண்டும் என்று என் மனசும் அவர்களோடு சேர்ந்து சொன்னது, அதை நான் மறைக்க மாட்டேன். செல்லப்பாண்டியைப் பார்த்துக் கேட்டேன், தூசிதானே என்று.

அவன் பிளாஸ்திரி ஒட்டிய நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "இல்ல சாமி. காலையில இருந்தே மூக்கு ஒழுகுது," என்றான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மடையா, உன் வாயை யார் கேட்டது என்று திட்ட வேண்டும் போல இருந்தது. கேட்டவன் நான்தான், அது வேறு. மாலை போட்டவனிடம் கேட்டுவிட்டு அவன் பொய் சொல்லவில்லையே என்று கோபப்பட்டால் எந்த ஊர் நியாயம்? அடுத்த கீப்பரைக் கையுறை மாட்டச் சொன்னேன். செல்லப்பாண்டி பனியனை இறக்கிவிட்டுக்கொண்டு, யாரையும் தொடாமல், சுவரை ஒட்டி நடந்து வெளியே போனான். மைதானத்தை ஒட்டிய வாய்க்கால் கரையில் தனியாக உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் பார்த்தான். தோற்றோம். தேர்வாளர்கள் கைகூப்பிவிட்டுக் காரில் ஏறினார்கள். அவன் அப்பாவும் வந்திருந்தார். மகன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் நின்றார், திட்டக்கூட இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் முதல்வர் அம்மாவின் அறைக்குப் போனேன். வராந்தாவில் நிற்கவில்லை, 'பெறகு' கேட்டுக்கொள்ளவில்லை, நேரே உள்ளே போய்விட்டேன். செல்லப்பாண்டிக்கு மட்டும் தனியாக ஒரு தேர்வு வைக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்தில் பேசுங்கள் என்றேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"பெறகு?" என்றார்.

பிறகு என்ன, அவன் படிப்பான் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் ஈஸ்வரன் பையைத் தூக்கிக்கொண்டு போனது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அந்தத் தேவாரத்துப் பையனையும் கூப்பிடலாம் என்றேன். "பெறகு?" முதல் நாள் திருப்பி அனுப்பிய சாமிகள் இருக்கிறார்களே என்றேன். "பெறகு?" எல்லாக் கல்லூரியிலிருந்தும் எல்லாரையுமே கூப்பிட்டுவிடலாம் என்றேன். சொல்லும்போதே எண்ணிப் பார்த்தேன், இரண்டு அணிக்குக் கொஞ்சம்தான் குறைந்தது.

"அப்ப அது தேர்வு இல்ல சார், மேட்ச்சு," என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்தார். பல்கலைக்கழகத்தில் அவரிடம் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் அவர் 'சரிங்க', 'பெறகு?', 'சரிங்க', 'பெறகு?' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அந்தப் பக்கத்து ஆள்மேல் எனக்கு இரக்கமே வந்தது. தை மாதக் கடைசியில் வெளிமாநிலத்துக்குப் புறப்படும் பல்கலைக்கழக அணியில் ஓரிரு இடம் இன்னும் முடிவாகவில்லையாம். பொங்கல் கழிந்து, மலைக்குப் போனவர்கள் திரும்பி, சளியும் விட்டிருந்தால் தேர்வாளர்களை அனுப்புகிறோம் என்றார்கள்.

மற்றவர்களுக்கு அந்தந்தக் கல்லூரி மூலமாகச் சொல்லி அனுப்பினேன். ஈஸ்வரனைக் கூப்பிட மட்டும் நானே தேவாரத்துக்கு பஸ் ஏறினேன். அதற்குள் அவன் மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியிருந்தான். ஒரு உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் வேலையை நிறுத்தவில்லை. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை மூட்டை போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வர்றேன் சார். ஆனா எனக்கு எதிர உங்க கீப்பர்தான் நிக்கணும். அவன் நிக்கயில கோல் அடிச்சாத்தான் அடிச்சேன்னு ஒத்துக்குவாக," என்றான். இவன் அடித்து உள்ளே போனால் செல்லப்பாண்டி கதி என்ன? ஆனாலும் சரி என்றேன்.

தை மாதத்திலும் பனி குறையவில்லை. புல் நனைந்து பந்து கனத்துக் கிடந்தது. தும்மல்காரர்கள் எல்லாரும் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்ததில் பாதிப் பேரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. நர்ஸ் வந்து பார்த்தார். ஒருவனுக்கும் காய்ச்சல் இல்லை, சளி இல்லை, எவனும் தும்மவில்லை. குறைந்த இடத்தில் எங்கள் மாற்று ஆட்டக்காரர்களைச் சேர்த்து இரண்டு அணியாகப் பிரித்தோம். ஒரே ஜெர்சியில் நின்றாலும் ஒருவன் பேர் இன்னொருவனுக்குத் தெரியாது. 'ஏலே மஞ்சக் காலுறை', 'ஏலே நெட்டை' என்று கூப்பிட்டுக்கொண்டே ஆட ஆரம்பித்தார்கள். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த வசவெல்லாம் அன்றைக்கு மைதானத்தில் இறங்கியது. முதல்வர் அம்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஈஸ்வரன் கருணையே காட்டவில்லை. முதல் பந்தைத் தரையோடு தரையாக மூலைக்கு அனுப்பினான். செல்லப்பாண்டி ஈரத்தில் சறுக்கிக்கொண்டே போய் விரல் நுனியால் தட்டிவிட்டான். அடுத்தது தலைக்கு மேல் வந்தது, கொத்தாகப் பறித்துக்கொண்டான். இடைவேளைக்குப் பிறகு நேருக்கு நேர் வந்து இடது காலால் அடித்தபோது நெஞ்சில் வாங்கிக் கீழே விழுந்தான், பந்தை விடவில்லை. ஒருமுறை பந்து பனிக்குள்ளிருந்து திடீரென்று வந்தது. எப்படித்தான் பார்த்தானோ, குறுக்குக் கம்பத்துக்கு மேலே தள்ளிவிட்டான். இவன் அடிக்க அடிக்க அவன் உயர்ந்தான், அவன் பிடிக்கப் பிடிக்க இவன் இன்னும் பலமாக அடித்தான். மப்ளர் கட்டிய மூத்த தேர்வாளர் நாற்காலியை விட்டு எழுந்து கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நான் கடவுளே, கடவுளே என்று நின்றேன், யாருக்காக வேண்டுகிறேன் என்றே எனக்குத் தெளிவில்லை. முடிகிற நேரத்தில் ஈஸ்வரன் வலது காலை ஓங்கி, அடிக்காமல், இடது காலால் மெதுவாக உருட்டிவிட்டான். அது உள்ளே போனது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் வட்டமாக நின்றார்கள். தேர்வாளர்கள் இருவரும் தள்ளி நின்று பேசிவிட்டு வந்தார்கள். மப்ளர்காரர் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஃபார்வர்டில் ஒரு இடம் இருக்கிறது, ஈஸ்வரனை எடுத்துக்கொள்கிறோம். கோல்கீப்பர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள், அது போதும்.

எல்லாரும் கைதட்டினார்கள். செல்லப்பாண்டியும் கையுறையோடு தட்டினான். பிறகு தலையைக் குனிந்து கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்ற ஆரம்பித்தான். தேர்வாளர் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தேன், நின்றுவிட்டேன். என்ன சொன்னாலும் சொந்தக் கல்லூரிப் பையனுக்காகப் பிச்சை கேட்கிறேன் என்றுதான் ஆகும். அப்போதுதான் ஈஸ்வரன் வட்டத்துக்கு நடுவே வந்தான்.

"சார், நான் அடிச்சதையெல்லாம் பாத்தீகள்ல? உள்ள போனது ஒண்ணே ஒண்ணு. ஒண்ணு போட்டவனை எடுத்துட்டு, மத்ததையெல்லாம் நிறுத்துனவனை வீட்டுக்குப் போகச் சொல்றீக. அவன் நல்லா நின்னதாலதான சார் நான் நல்லா அடிச்சேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுச்சு?"

அவனுடைய உடற்கல்வி இயக்குநர், அன்றைக்கு என்னோடு சண்டை போட்டவர்தான், அவனைப் பேசாமல் இருக்கச் சொல்லிச் சாடை காட்டினார். கிடைத்ததையும் கெடுத்துக்கொள்ளப் போகிறான் என்று அவருக்குப் பயம். மப்ளர்காரர் ஈஸ்வரனை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் மப்ளரை அவிழ்த்து மறுபடியும் கழுத்தில் சுற்றிக்கொண்டு, செல்லப்பாண்டி பக்கம் திரும்பினார்.

"ஒம் பேரு என்னப்பா?" என்று கேட்டார்.

வேறு யாரையோ கேட்கிறார் என்று அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். இன்னொரு தடவை கேட்டார். அப்போது சொன்னான். மூன்றாவது கீப்பராக வரட்டும், அங்கே ஆடக் கிடைக்குமா என்பது அவன் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். வாய்க்கால் கரையில் நின்றிருந்த செல்லப்பாண்டியின் அப்பா என்ன நடந்தது என்று தெரியாமல் ஓடி வந்தார். அவரைக் கட்டிக்கொண்டு அவன் அழுதான். நானும் அழுதேன், யார் பார்த்தால் என்ன?

ஈஸ்வரன் ஷூவைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனான். இரண்டடி போனவன் திரும்பி வந்தான்.

"சார், இன்னைக்காச்சும் மூக்கைப் பாக்காம ஆட்டத்தைப் பாத்தீகளா?" என்று கேட்டான்.

பார்த்தேன்டா என்றேன்.